மணல்காரியின் வாரிசு

ஆனி 9

நண்பகலில் செம்மணற்பட்டிக்கு வந்து சேர்ந்தேன். வண்டிக்காரர் எல்லைக்கல்லிலேயே இறக்கிவிட்டார். மாடுகள் அதற்கு மேல் வர மாட்டா என்றார். மாடுகளின் முகத்தைப் பார்த்தேன். அவற்றுக்கு இந்த விஷயத்தில் கருத்து இருப்பதாகத் தெரியவில்லை. பெட்டியையும் குடையையும் நானே தூக்கிக்கொண்டு நடந்தேன்.

ஊரின் மூன்று பக்கமும் சிவப்பு மணல்மேடுகள். இவை நகரும். காற்று இல்லாதபோதும் நகரும். ஊர் இன்னும் மணலுக்கு மேலே இருப்பதற்குக் காரணம், எந்தக் காலத்திலும் இங்கே ஒருவருக்கு மணலை நிறுத்தும் திறன் இருப்பதுதான். அவர் எல்லைக்கல்லுக்கு உட்பட்டு இருக்கும்வரை மணல் ஊருக்குள் வராது. அவர் மந்திரம் சொல்ல வேண்டியதில்லை, கையை அசைக்க வேண்டியதில்லை, இருந்தால் போதும். எங்கள் மரபுத்திறன் வாரியத்திலும் பலர் இதே முறையில்தான் பணியாற்றுகிறார்கள். ஆனால் அங்கே எதுவும் நின்றதாகத் தகவல் இல்லை.

அந்தத் திறன் உடைய முத்துப்பேச்சி அம்மாள் படுத்துவிட்டார் என்று செய்தி வந்ததும், வாரிசை ஆராய்ந்து சான்றிதழ் கொடுக்க வாரியம் என்னை அனுப்பியது. நான் வருவதற்குள் இறந்துவிட்டார். வாரியத்தின் வேகத்தை வைத்துப் பார்த்தால் நான் சீக்கிரமே வந்துவிட்டேன். உடலை இன்னும் எடுக்கவில்லை.

துக்கம் கேட்கப் போனேன். சாவு வீட்டில் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போக வேண்டும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஆளில்லாத அறையிடம்கூடச் சொல்லிக்கொண்டு புறப்படுகிறவன் நான். என் மகள் மாதங்கியையும் அப்படித்தான் வளர்த்தேன். சிறுவயதில் சொல்லாமல் பள்ளிக்குப் போய்விட்டால் தெருமுனையிலிருந்து திரும்ப அழைத்துச் சொல்ல வைப்பேன். எனவே அம்மாளின் காலடியில் கும்பிட்டு நிமிர்ந்தபோது, “போயிட்டு வர்றேம்மா” என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

ஒப்பாரி நின்றது. அம்மாளின் கணவர் சிவனணைந்தான் தலையை நிமிர்த்தி என்னை வெகுநேரம் பார்த்தார். யாரும் பதில் சொல்லவில்லை. இந்தப் பக்கத்தில் மரியாதை சற்றுக் குறைவு.

மாதங்கிக்கு ஆடி நடுவில் தலைப்பிரசவம். அவளுக்குத் தாய் இல்லை. மருமகன் தங்கமானவர், ஆனால் விரலில் முள் குத்தினாலே மயங்கிவிடுகிறவர். அதற்குள் வந்துவிடுவேன் என்று அவளிடமும் சொல்லிக்கொண்டுதான் புறப்பட்டேன். சிறிய வேலை. பத்து நாளில் முடிந்துவிடும்.

ஆனி 10

நேற்றுக் காலை மேலத்தெருவின் வாசல்வரை வந்த மணல், நண்பகலுக்குப் பிறகு நின்றுவிட்டதாம். மூத்த மகன் வைரவனுக்குத் திறன் இறங்கிவிட்டது என்று ஊரில் பேச்சு. வேலை இன்னும் எளிது.

சத்திரத்தில் எல்லா அறைகளிலும் காலையில் மணல் கூட்டுகிறார்கள். என் அறையில் கூட்ட ஒன்றும் இல்லை. “ஐயா ரூம்ல மட்டும் வெளக்குமாத்துக்கு வேலையே இல்லியே!” என்றார் சத்திரத்துக் காவலர் உச்சிமாகாளி. கதவு நல்ல தச்சர் செய்தது.

ஆனி 11

சங்கு நிலையத்துக்குப் போனேன். மேலத்தெருவின் கடைசிக் கட்டடம், அதற்கப்பால் மணல்தான். அலுவலர் குழல்வாய்மொழி என்ற அம்மாள். தொலைவில் ஒரு சங்கின் முன் பேசுவது இங்கே இவர் காதுக்கு மட்டும் கேட்கும். அதை இவர் தம் குரலில் நமக்குச் சொல்வார். கேட்பதில் எதையும் விடக் கூடாது என்பது விதி. விதிகளை இவ்வளவு கடுமையாகப் பின்பற்றும் அலுவலரை நான் இதுவரை பார்த்ததில்லை.

“தலைநகர் கெடச்சிட்டு. மாதங்கியம்மா பேசுதாவ. ‘அப்பா, சாப்டீங்களா?’” மழையளவு வாசிப்பவரின் குரல்.

“சாப்பிட்டேன்னு சொல்லுங்க. கால் வீக்கம் குறைஞ்சுதா?”

“‘இல்லப்பா. செருப்பு நுழையல. இவரோட செருப்பப் போட்டுட்டு வாத்து மாதிரி நடக்கறேன்.’ சிரிக்காவ.”

“எப்படிச் சிரிக்கிறா?”

அவர் சங்கைக் காதிலிருந்து எடுக்காமலே, “ஹ ஹ” என்றார். பிறகு மறுபடி கேட்கத் தொடங்கினார். “‘சொன்ன மாதிரி வந்துடுவீங்கல்ல?’ இப்பம் ஒண்ணும் பேசல. மூக்க உறிஞ்சுதாவ.” அதையும் உறிஞ்சிக் காட்டினார்.

வந்துவிடுவேன் என்று சொல்லச் சொன்னேன்.

அந்த அம்மாளுக்கு இரண்டேகால் அளவு வளையல் போதும். இரண்டரை போட்டிருக்கிறார், சங்கைத் தூக்கும்போதெல்லாம் முழங்கைக்கு ஓடுகிறது. இதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை.

ஆனி 14

திறன் எப்படி இறங்குகிறது என்பது பற்றி நாட்டில் மூன்று கொள்கைகள் உண்டு. குருதி வழி என்பது ஒன்று. தாய்ப்பால் வழி என்பது இன்னொன்று. பிறந்த நாழிகை வழி என்பது மூன்றாவது; அது சோதிடர்களின் குடும்பங்களில் மட்டும் உண்மையாகிறது. நான் குருதிக் கட்சி. அதை நிறுவி மூன்று பாகங்களில் நூல் எழுதியிருக்கிறேன். முதல் பாகத்தைப் படித்தவர்கள் உண்டு. பெற்றோரின் திறன் பெரும்பாலும் பிள்ளைகளுக்குப் போகிறது என்பதை என் எதிரிகளாலும் மறுக்க முடியவில்லை. போகாத குடும்பங்களை அடிக்குறிப்பில் வைத்திருக்கிறேன்.

வைரவன் வந்திருந்தார். பட்டுக்கரை வேட்டி, நெற்றியில் சிவப்பு மணலைக் குழைத்து ஒரு கீற்று.

“எங்க குடும்பம் ஏழு தலைமுறையா மணல்காரக் குடும்பம் ஐயா. ரத்தத்துலயே ஊறிப்போனது.”

“உங்களுக்கு ஏதாவது மாற்றம் தெரியுதா?”

“தெரியுதாவா? கண்ண மூடுனா மணல் பேசுது!”

“என்ன பேசுது?”

சற்று யோசித்தார். “மரியாதையாத்தான் பேசுது.”

காப்பியைக் குடித்துமுடித்தார், துண்டை உதறினார், போய்விட்டார். வருகிறேன் என்று ஒரு சொல் இல்லை. நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன், தெருவில் அவர் முதுகு மறையும்வரை. அப்படி நிற்கும் பழக்கமும் எனக்கு இல்லை.

ஆனி 16

மதியம் கண்ணயர்ந்தபோது அறைக்குள் கண்ணாடி வளையல் குலுங்கும் ஓசை. எலிகள்.

ஆனி 18

பரிசோதனை நன்றாக முடிந்தது. மேற்கு மேட்டின் அடியில், ஊர் முழுவதும் பார்க்க, வைரவன் கட்டைவிரலில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு இரத்தத்தை மணலில் விட்டார். நான் விதிப்படி அருகில் நின்றேன். மணல் விலகியது. பசித்த நாய் அதட்டலுக்குப் பின்வாங்குவது போல, முணுமுணுத்தபடி விலகியது. பெண்கள் குலவையிட்டார்கள். மாலை, மேளம். நான் அங்கேயே சான்றிதழில் ஒப்பமிட்டேன். என் மூன்று பாகங்களும் தலைநகரத்து அலமாரியில் நிமிர்ந்து நின்றிருக்கும்.

கூட்டம் கலையும்போது உச்சிமாகாளி என் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அவுக பக்கம் ஒரு சாண்தான் வெலகியிருக்கு. ஐயா நிக்க பக்கம் ஒரு ஆள் படுக்கலாம் போலயே.”

தரை அந்தப் பக்கம் சரிவு.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. மணல் விலகியபோது எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. அழுகைதான் வந்தது. எனக்குத் தெரியாத யாரோ ஒருவர் எனக்காக எங்கேயோ சாப்பிடாமல் காத்திருப்பது போல ஓர் எண்ணம். பித்தம்.

ஆனி 19

காலையில் புறப்பட்டேன். வண்டி எல்லைக்கல்லுக்கு அப்பால் நின்றிருந்தது. ஏறி உட்கார்ந்தேன். வண்டி நகர்ந்து ஒரு வளைவு திரும்பியதும், பின்னால் களஞ்சியத்தைத் திறந்து நெல்லைக் கொட்டுவது போன்ற ஓசை கேட்டது. திரும்பிப் பார்த்தேன். மேலத்தெருவின் மேல் சிவப்பாக ஒரு புகை. ஆட்கள் கத்தினார்கள்.

அப்போது குடையை மறந்துவிட்டது நினைவுக்கு வந்தது. வண்டியை நிறுத்தச் சொல்லித் திரும்பி நடந்தேன். நடந்தேன் என்று எழுதுகிறேன், மூச்சு வாங்கியது. கல்லைத் தாண்டி உள்ளே கால் வைத்ததும் ஓசை நின்றது.

மேலத்தெருவில் சில வீடுகள் கூரைவரை புதைந்துவிட்டன. ஆட்கள் எல்லாரும் மேளக்காரர்களுக்கு விருந்து நடந்த கோயிலடியில் இருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. குழல்வாய்மொழியின் வீடும் போயிற்று. அந்த அம்மாள் மணலிலிருந்து ஒரு குடத்தை இழுத்துக்கொண்டிருந்தார். முகத்தில் எதுவும் இல்லை.

“ஐயா போயிட்டீயன்னுல்லா நெனச்சேன்?” என்றார் உச்சிமாகாளி.

“குடையை மறந்துட்டேன்.”

“குடை உங்க கக்கத்துலதான இருக்கு?”

ஆனி 21

வைரவன் வந்தார். நெற்றியில் கீற்று இல்லை. கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

“ஐயா, நீங்க ஊருக்குள்ள இருந்தா நிக்குது. நீங்க கல்லத் தாண்டுனா வருது.”

“தற்செயல்.”

“தற்செயலா எங்க பெரியப்பா வீட்ட முழுங்கிச்சு?”

“சான்றிதழ் உங்க பேர்ல இருக்கு. வாரியம் கொடுத்த சான்றிதழ் தப்பாக முடியாது.”

“நானும் அதத்தான சொல்லுதேன்.” குரலைத் தாழ்த்தினார். “சான்றிதழ் எங்கிட்ட இருக்கட்டும். மணல நீங்க பாத்துக்கிடுங்க. சாயங்காலம் நான் எல்லையச் சுத்தி நடப்பேன். நீங்க பின்னால குடையப் பிடிச்சுக்கிட்டு வந்தாப் போதும். சாப்பாடு எங்க வீட்லருந்து வரும். மீன் சாப்டுவீயள்ளா?”

நாட்டின் பெரிய அலுவலகங்கள் பலவும் இப்படித்தான் நடக்கின்றன என்பதால் எனக்குப் பெரிய வியப்பு இல்லை. ஆய்வை இன்னும் சில நாள் நீட்டிக்க வேண்டும் என்று வாரியத்துக்குத் தெரிவித்திருக்கிறேன். காரணம்: தரைச் சரிவு.

அவர் எழுந்து போய்விட்டார். சொல்லாமல்.

ஆனி 28

மாலை நடை. முன்னால் வைரவன் கையை உயர்த்தி மணலை அதட்டுகிறார். பின்னால் நான். குழந்தைகள் அவர் காலைத் தொட்டுக் கும்பிடுகிறார்கள். ஒரு சிறுமி கும்பிட்டு எழும்போது, “உனக்கு ஒண்ணே முக்கால், பச்சை எடுக்கும்” என்று சொல்லிவிட்டேன். அவள் தாய் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். பிறகு மெதுவாக, “எங்க பேச்சியக்காவும் இப்பிடித்தான் கையப் பாத்ததும் சொல்லுவாவ” என்றாள்.

ஆடி 1

காற்று தொடங்கிவிட்டது. மேடுகள் பகலெல்லாம் உறுமுகின்றன.

காலையில் சிவனணைந்தான் சத்திரத்துக்கு வந்தார். மனைவி இறந்தபின் அவர் வெளியே வருவது இதுவே முதல்முறையாம். கையில் ஒரு துணிமூட்டை. கட்டிலில் வைத்து அவிழ்த்தார். நூலில் கோத்த கண்ணாடி வளையல் மலாரங்கள், நிறம் மங்கிப்போனவை.

“இது என்ன அளவு சொல்லுங்க பாப்போம்.”

“இரண்டரை. இது இரண்டேகால். அந்தச் சின்னது பிறந்த குழந்தைக்கு.” சொன்ன பிறகுதான் அவர் ஏன் கேட்டார் என்று யோசித்தேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். “அவ இந்த ஊர்க்காரி இல்ல ஐயா. வளையல் விக்க வந்தவ. அன்னைக்கு அப்போதைய மணல்காரரு செத்துக் கெடந்தாரு. எங்களுக்கும் அவருக்கும் ஒட்டு இல்ல, ஒறவு இல்ல. இவ வாசல்ல கூடைய எறக்கி வச்சிட்டு உள்ள போயிக் கும்பிட்டா. சின்னப் பிள்ள, பழக்கம். பொணத்துக்கிட்ட போயிட்டு வாரேன்னுட்டா.”

“அதனால?”

“வாரேன்னு சொன்னா வரணும்லா? செத்தவங்ககிட்ட சொன்னத யாரு வந்து ‘இல்ல, பரவால்ல’ன்னு விட்டுக் குடுப்பா?”

“ஏழு தலைமுறைன்னு உங்க மகன் சொன்னாரே.”

“வளையல்காரிக்கு யாரு குனிஞ்சு கும்பிடுவா? என்னியக் கட்டி வச்சாவ. வம்சம் ஒண்ணு எழுதிக்கிட்டாவ. உங்க வாரியத்துலருந்து ஒரு ஐயா வந்து முத்திரையும் போட்டுட்டுப் போனாரு. நல்ல மனுசன். மீன் விரும்பிச் சாப்டுவாரு.”

அந்த ஐயா என் ஆசான். என் நூலின் முதல் பாகம் அவருக்குச் சமர்ப்பணம்.

“அவளுக்கு ஒரு ஆத்தா இருந்தா,” என்றார் சிவனணைந்தான். “சந்தை முடிஞ்சதும் வாரேன்னு அவகிட்டயும் சொல்லிட்டுத்தான் வந்திருக்கா. தெனம் கல்லுகிட்டப் போயி நிப்பா. ஒரு கால வெளிய வைப்பா. மணல் வார சத்தம் கேக்கும். திரும்பி வந்துருவா. அந்தக் கெழவி சாவுக்கும் போவல.”

“உங்க மகன் வயித்துல பிறந்த பிள்ளைதானே? அவருக்கு ஏன் இறங்கல?”

“அவனா?” கிழவர் சிரித்தார், சிரிப்பென்று சொல்ல முடியாது. “அவன் ஒரு நாளும் ஆத்தாட்ட சொல்லிட்டுப் போனதில்ல ஐயா. துண்ட ஒதறுவான், போயிருவான். இவ வாசல்ல நிப்பா. பொணமாக் கெடக்கையிலயும் அப்பிடித்தான் எந்திரிச்சுப் போனான். அன்னைக்கு இவகிட்டச் சொல்லிட்டுப் போன ஒரே ஆளு நீங்கதான்.”

“அப்பவே உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா இருந்திருப்பீயளா?”

மூட்டையைக் கட்டிலிலேயே விட்டுவிட்டுப் போனார். போகும்போது என்னைப் பார்த்து, எனக்குப் பின்னால் யாரோ நிற்பது போல அங்கேயும் பார்த்து, “வாரேம் பேச்சி” என்றார்.

ஆடி 4

அம்மாளை அடக்கம் செய்த இடத்துக்குப் போய், “நான் போகிறேன்” என்று மட்டும் சொன்னேன். வருகிறேன் என்று சேர்க்காமல் வாழ்நாளில் முதல்முறை. ஒன்றும் நடக்கவில்லை. அவரும் இதைச் செய்து பார்த்திருப்பார்.

ஆடி 6

என் நூல்களில் அடிக்குறிப்பில் போட்ட குடும்பங்களை நினைத்துப் பார்த்தேன். விரலால் விளக்கேற்றும் திறன் வாடகைக்கு இருந்தவருக்குப் போன வீடு. நோயாளி இறந்த அறையில் முகம் துடைத்துவிட்ட செவிலிக்குப் போன பாட்டுத் திறன். எல்லாவற்றையும் மறைவான இரத்த உறவு என்று விளக்கியிருந்தேன். பல கண்ணியமான மனிதர்களைக் கள்ள உறவுக்காரர்கள் ஆக்கியிருக்கிறேன். அவர்கள் செய்ததெல்லாம் புறப்படும்போது மரியாதையாக ஒரு சொல் சொன்னதுதான்.

ஆனால் முடிவு தவறில்லை. திறன் பெரும்பாலும் பிள்ளைகளுக்குத்தான் போகிறது. செத்த வீட்டில் சொல்லிக்கொள்ளக் கூடாது என்பது ஊராருக்கு நினைவிருக்கும். மறந்துபோவது பிள்ளைகள்தான். ஆயிரம் முறை அதே வாசலில் நின்று அதே முகத்திடம் சொன்னதை, அந்த ஒருமுறை மட்டும் நாக்கு எப்படி விழுங்கும்?

இன்று இதற்கு மேல் யோசிக்க விருப்பமில்லை.

ஆடி 9

மாதங்கி: இந்த வாரமே ஆகலாம் என்கிறாள் மருத்துவச்சி. “‘எப்பப்பா கெளம்பறீங்க?’” என்றார் குழல்வாய்மொழி. நாளை மறுநாள் என்றேன். அவர் அதைச் சங்குக்குச் சொல்வதற்கு முன் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

வீடு போனபின், மணலை அள்ளிச் சுத்தம் செய்த சங்கு நிலையத்திலேயே படுத்துக்கொள்கிறார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. தரைச் சரிவு என்று வாரியத்துக்கு எழுதிய பிறகு எப்படிக் கேட்பது?

ஆடி 11

காலையில் உச்சிமாகாளி ஓடிவந்தார். “சங்குக்காரம்மா கூப்புடுதாவ. வலி எடுத்துட்டாம்.”

குழல்வாய்மொழி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காதில் சங்கு. “‘அப்பா’” என்றார். பிறகு, “‘அம்மா, அம்மா’.” பிறகு நான் எழுத விரும்பாத ஓர் ஓசை. அவர் குரல் மழையளவு வாசிக்கும் குரலாகவே இருந்தது. ஆனால் நெற்றியில் வியர்வை ஓடியது. “மருத்துவச்சி சொல்லுதா, ‘பிள்ள திரும்பல.’ உங்க மருமகன் விழுந்துட்டாரு; சத்தம் கேட்டுது.”

“நான் வர்றேன்னு சொல்லுங்க,” என்று எழுந்தேன்.

இந்த முறை குடையை மறக்கவில்லை. வண்டியில் ஏறினேன். வேகமாகப் போனால் இருட்டுவதற்குள் தலைநகர். ஊர் போனால் போகட்டும். ஊர்க்காரர்கள் கோயிலடிக்கு ஓடட்டும். வீடுகளைத் தோண்டி எடுத்துக்கொள்ளலாம். வைரவனிடம் சான்றிதழ் இருக்கிறது. இதையெல்லாம் தெளிவாக யோசித்தேன். கல்லைத் தாண்டினோம். நெல் கொட்டும் ஓசை தொடங்கியது. காதைப் பொத்திக்கொண்டேன். பொத்திய காதுக்குள் வளையல் குலுங்கியது. குறைசொல்லும் ஓசை அல்ல. இந்த இடம்வரை பலமுறை வந்து பழகியவர், அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்து, பொறுமையாகப் பக்கத்தில் நிற்பது போல இருந்தது.

பிறகுதான் அது நினைவுக்கு வந்தது. ஒரு பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது சங்கைக் காதிலிருந்து எடுக்கக் கூடாது என்று ஒரு விதி உண்டு. நிலையம் தெருவின் கடைசியில். அந்த அம்மாள் விதியை மீறியதே இல்லை.

வண்டிக்காரரிடம், “திருப்புங்க” என்றேன்.

“குடையா ஐயா?” என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

நிலையத்தின் கதவு பாதி புதைந்திருந்தது. சன்னல் வழியே இறங்கினேன். குழல்வாய்மொழி அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். மணல் இடுப்புவரை நின்றிருந்தது. சங்கு காதில். என் மகளின் வலியை முனகிக்கொண்டிருந்தார்.

“எங்க போனீய?” என்றார் கண்ணைத் திறக்காமல். “அவுக அப்பா அப்பான்னு கூப்டுதாவ. பதில் இல்லன்னா பயப்படுவாவ. அதனால நானே ‘இங்கதாம்மா இருக்கேன்’னு சொல்லிட்டேன். விதிக்குப் பொறம்பு. எழுதிராதீய.”

எழுதிவிட்டேன்.

கையால் மணலை அள்ளி விலக்கத் தொடங்கினேன். தேவையிருக்கவில்லை, அது தானாகவே விலகிக்கொண்டிருந்தது. ஆனால் கைக்கு வேறு வேலை இல்லை.

ஆடி 12

விடியற்காலையில் பெண் குழந்தை. குழல்வாய்மொழி சங்கைக் கூர்ந்து கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, முகம் மாறாமல், “ங்ஙா” என்றார். சற்றுப் பொறுத்து, “ங்ஙா, ங்ஙா.” கேட்பதில் எதையும் விடக் கூடாது என்பதால் வெகுநேரம் அழுதார். எங்கே குழந்தையின் அழுகை முடிந்து இவருடையது தொடங்கியது என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

“தாயும் சொகம்,” என்றார் கடைசியில். “உங்களக் கேக்காவ. ‘வரலையாப்பா?’”

ஊருக்கு நான் தேவைப்படுகிறேன் என்று சொல்லச் சொன்னேன்.

“‘ஊருக்கு உங்கள எதுக்குப்பா?’”

இதற்கு என் மூன்று பாகங்களிலும் விடை இல்லை. இருந்தால் போதும் என்கிறார்கள் என்றேன்.

ஆடி 20

வாரியத்துக்குப் பதவி விலகல் அனுப்பினேன். வைரவனின் சான்றிதழ் செல்லும் என்று பதில் வந்தது. மாலை நடை வழக்கம்போல.

குழல்வாய்மொழிக்கு இரண்டேகால் அளவில் நான்கு வளையல் கொடுத்தேன். நழுவவில்லை.

ஆடி 30

மலாரத்திலிருந்து பிறந்த குழந்தைக்கான கறுப்பு வளையல் இரண்டை எடுத்துத் தலைநகருக்கு அனுப்பியிருந்தேன். இன்று மாதங்கி பேசினாள்.

“‘அளந்து செஞ்ச மாதிரி இருக்குப்பா. பாக்காமலே எப்படித் தெரிஞ்சுது?’”

ஒருவர் சொன்னார் என்றேன்.

“‘மூணு மாசம் ஆனதும் இவள எடுத்துக்கிட்டு அங்க வர்றேன். நீங்க வரலேன்னா நாங்க வரக் கூடாதா?’ கோவமாப் பேசுதாவ. ஆனா சிரிச்சிக்கிட்டே.”

வா என்றேன். எத்தனை முறை வேண்டுமானாலும் வா. பிறகு, நாள்கணக்காக மனத்துக்குள் எழுதி அடித்ததைச் சொன்னேன்: ஒரு பழக்கத்தை மட்டும் விட்டுவிடு. இனிமேல் என்னிடம் பேசி முடித்தாலும் சரி, இங்கே வந்து திரும்பினாலும் சரி, சொல்லிக்கொள்ளாமல் போ. எழுந்து, துண்டை உதறி… துண்டு வேண்டாம், அப்படியே போய்விடு.

குழல்வாய்மொழி காத்திருந்தார்.

“‘என்னப்பா இது? சொல்லாமப் போனா தெருமுனையிலேர்ந்து கூப்பிட்டு வச்சுத் திட்டுவீங்களே!’”

“அது அப்ப. இப்ப வேண்டாம்மா. இன்னைக்கே பழகு. சும்மா சங்கை வச்சுட்டுப் போ.”

“‘சரி. நீங்க சொன்னா சரி.’” குழல்வாய்மொழி நிறுத்தினார். சங்கை இன்னும் காதில் அழுத்திக்கொண்டிருந்தார். அவர் மேலே சொல்லத் தயங்கியதை இன்றுதான் பார்த்தேன்.

“வச்சுட்டாளா?”

“வச்சிட்டாவ.”

“ஒண்ணும் சொல்லாமலா?”

அந்த அம்மாள் சங்கைத் துணியால் துடைத்தார். தாங்கியில் வைத்தார். விதியை நினைத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். தலையைக் குனிந்துகொண்டு, என் மகளின் குரல் துளியும் இல்லாமல், மழையளவு வாசிப்பவரைப் போலச் சொன்னார்:

“‘போயிட்டு வர்றேம்ப்பா.’”